ரோட்டுக் காற்று

“எந்த டயர்தாம்மா நல்ல டயர்?”

கேட்ட தெய்வநாயகத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆசிரமத்து டிராக்டரை ஓட்டுபவர். டிராக்டர் காலையிலிருந்து பள்ள வயலில் சிக்கிக் கிடந்தது.

நாளை மாலை வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் நடவுக்கு வயலை உழுது சேறடிக்க வேண்டும். இல்லையென்றால் ஆசிரமத்து அடுப்புக்கு இந்த வருடம் சொந்த நெல் கிடையாது.

நீலாயதாட்சி அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஆசிரமத்துக்கு அவர்தான் குரு.

“எனக்கு டயர் தெரியாதே. நீங்க சொல்லுங்க.”

“சேத்துக்கு டயர் மேல உயரமான பட்டை வேணும். மணலுக்கு அகலமா இருக்கணும். ரோட்டுக்குப் பட்டை தாழ்ந்திருந்தா தேவலை. எல்லாம் மாத்திப் பாத்துட்டேன். இப்ப போட்டிருக்கறது சேத்து டயர்தான். அதுவும் புதைஞ்சு போச்சு.”

தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

“மனசு ஒட்டாம ரெண்டு மடத்தை விட்டுட்டு இங்க வந்தேன். இங்கயும் அதே கதை.”

“வாங்க, போய்ப் பார்ப்போம்.”

வரப்பு வந்ததும் தெய்வநாயகம் செருப்பைக் கழற்றினார். அம்மா கழற்றவில்லை. அப்படியே வயலில் கால் வைக்கப் போனார்.

“ஐயோ அம்மா! சேத்துல யாராவது செருப்போட இறங்குவாங்களா?”

“ரோட்ல போட்டுக்கிட்டுதானே வந்தீங்க?”

“ரோடு சுடும். முள்ளு கிடக்கும். அங்க அது வேணும்.”

“இங்க?”

“விரலை விரிச்சு வெச்சு நடக்கணும். இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?”

“தெரியாது,” என்றார் அம்மா. டிராக்டரைப் பார்த்தார். “அது எப்படி இறங்குச்சு?”

தெய்வநாயகம் பின் டயரை உற்றுப் பார்த்தார்.

நேற்று டிரெய்லர் நிறைய விறகு ஏற்றித் தார் ரோட்டில் வந்திருந்தார். பாரத்துக்காக டயரில் கல் மாதிரி காற்று அடித்திருந்தார். இன்று அதே காற்றோடு வயலில் இறங்கிவிட்டார்.

சேற்றில் நடந்து போனார். பின் டயர் அருகே குனிந்து வால்வை அழுத்தினார்.

உஸ்ஸென்று சத்தம் வந்தது.

“அது என்ன?” என்று கேட்டார் அம்மா.

“ரோட்டுக் காத்தும்மா.”

அடுத்த டயரிலும் இறக்கினார். இரண்டும் மெல்லத் தொய்ந்து, அகலமாகச் சேற்றில் உட்கார்ந்தன.

வண்டி உறுமியது. வழுக்கியது. பிறகு பிடித்துக்கொண்டு மேலேறியது. வாய்க்காலில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“அந்தக் காத்து போயிடுச்சா?” வரப்பிலிருந்து அம்மா கேட்டார்.

தெய்வநாயகம் இன்ஜினை நிறுத்தினார். இறங்கி வந்து, தொய்ந்த டயரைத் தொட்டுப் பார்த்தார்.

“டயர்லேர்ந்து மட்டும் போயிடுச்சும்மா.”