அறுபத்தோரு டேக்

“ஒத்த வார்த்தை மிஸ். அறுபத்தோரு அர்த்தம். இது அடுக்குமா?”

வேதமாணிக்கம் நோட்டை மேசைமேல் போட்டார். வயது நாற்பத்தாறு. பாளையங்கோட்டையில் இருபது வருடமாக நர்ஸ்.

அவருடைய குரு ஷைனிக்கு இருபத்திரண்டு. ஜெராக்ஸ் கடை மாடியில் ஆங்கிலம் பேசச் சொல்லித் தருகிறாள்.

“எந்த வார்த்தை, அண்ணாச்சி?”

“டேக். ரத்தம் எடுத்தா டேக். மாத்திரை முழுங்குனா டேக். சட்டையைக் கழட்டுனாலும் டேக், பஸ்ல போனாலும் டேக். வெள்ளைக்காரனுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?”

“கிடைச்சுதே. ரிமூவ், ரிசீவ்...”

“அந்த மாதிரி வேற வார்த்தையும் நாப்பது இருக்கு. பின்பக்கம் எழுதி வச்சிருக்கேன்.”

குரு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பேச்சுத் தேர்வு. ஒருவர் நோயாளியாக நடிப்பார். இவர் நர்ஸாகப் பேச வேண்டும். இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவதும் போனால் அயர்லாந்து வேலை வேறு யாருக்கோ.

“சரி, நான் நோயாளி” என்றாள். மறு நொடி எழுபது வயதுக் கிழவர் ஆகிவிட்டாள். குரல் கரகரத்தது. கை நடுங்கியது.

“பயமா இருக்கு, நர்ஸ்” என்றார் கிழவர், ஆங்கிலத்தில்.

வேதமாணிக்கம் நோட்டைப் பார்த்தார். “டேக் எ சீட்.”

“உட்கார்ந்துதானே இருக்கேன்!”

பக்கம் புரண்டது. “டேக் யுவர் டைம்.”

“எதுக்கு?”

“இருங்க மிஸ். இது பதினேழாவது அர்த்தமா, இருபத்தொண்ணா?”

“மறுபடி.”

குழந்தையாக அழுதாள். குடிகாரனாகத் திட்டினாள். பல்செட்டைத் தொலைத்த பாட்டாவாகக் கெஞ்சினாள். அவர் நோட்டை மூடவே இல்லை.

“எனக்குத் தலை வலிக்குது, அண்ணாச்சி.”

“அதுக்கும் ஒரு டேக் இருக்கு மிஸ், இந்தா...”

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி நின்றது.

குரு நெஞ்சைப் பிடித்தாள். மூச்சு சீட்டியடித்தது. நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

“ஐ காண்ட் ப்ரீத்... நர்ஸ்...”

எந்தக் கிழவரின் குரலும் அல்ல அது.

வேதமாணிக்கம் நாற்காலியை உதைத்துத் தள்ளினார். அவளை நிமிர்த்தி, சற்றே முன்னால் சாய்த்து உட்காரவைத்தார். ஒரு கை நாடியில். மறு கையில் இருந்ததைக் கொண்டு விசிறினார்.

“லுக் அட் மீ. டேக் எ ப்ரீத். ஸ்லோலி. தட்ஸ் இட். டேக் அனதர். ஐ ஆம் ஹியர், டோன்ட் வொரி.”

ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. பக்கங்கள் படபடத்தன. ஒன்று கழன்று ஜன்னல் வழியே போனது.

மூச்சு சீரானது. குரு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். அதில் திருட்டுச் சிரிப்பு.

“அண்ணாச்சி, கையில என்ன?”

“பேசாதீங்க மிஸ். மூச்சை விடுங்க முதல்ல.”

“கையில என்னன்னு கேட்டேன்.”

“விசிறி” என்றார் வேதமாணிக்கம், எரிச்சலோடு, அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.