குளக்கரையும் செந்நாய்களும்

நாணல் குளத்தின் கரையில் புள்ளிமான்களும் காட்டெருமைகளும் குரங்குகளும் மயில்களும் வாழ்ந்துவந்தன. அவற்றுக்குள் பகை எதுவும் இல்லை. பொறாமை மட்டும் நிறைய இருந்தது.

கிழக்குக் கரை மான்களுடையது. மழை விழுந்ததும் முதலில் பச்சை பிடிப்பது அந்தக் கரைதான். மேற்குக் கரையில் கருமலையான் என்ற காட்டெருமை தன் மந்தையோடு இருந்தான். அவன் கொம்பைக் கண்டால் காடே வழிவிடும். ஆனாலும் எதிர்க்கரையைப் பார்க்கும்போதெல்லாம் அவன் பெருமூச்சு விடுவான். “ஒல்லிக்காலிகளுக்கு அவ்வளவு நல்ல புல்லா!”

நாவல் மரங்களில் குரங்குகள் இருந்தன. அவற்றின் தலைவன் நெட்டைவாலன். குரங்குகள் உதிர்க்கும் பழங்களை மான்கள் தின்னும். அதைப் பார்த்து மயில்களுக்கு மனம் பொறுக்காது. மயில்களின் தலைவன் ஒயிலன் தோகை விரித்தால் எல்லோரும் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். அதைப் பார்த்து நெட்டைவாலனுக்கு மனம் பொறுக்காது.

இப்படி அவரவர் முணுமுணுப்போடு காலம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு கோடையில் மலைக்கு அப்பாலிருந்து செந்நாய்கள் வந்தன. கோரைப்பல்லன் என்பவன் அவற்றின் தலைவன். பட்டப்பகலில், எல்லோரும் தண்ணீர் குடிக்கும் துறையில், அவை ஒரு கிழ மானைப் பிடித்துக் கொன்றன. கொன்றுவிட்டு அப்படியே போட்டுவிட்டுத் திரும்பின.

“தின்ன வேண்டாமா?” என்று ஒரு செந்நாய் கேட்டது.

“வேண்டாம்!” என்றான் கோரைப்பல்லன். “பசிக்குக் கொன்றால் நமக்குக் கிடைப்பது ஒரு மான். பயம் காட்டக் கொன்றால் குளமே கிடைக்கும். வழியிலேயே கிடக்கட்டும். வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும்!”

செத்துக் கிடந்தது மான்களின் தலைவி மருதியின் தந்தை. மருதி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் நாவல் மரத்தடிக்கு அழைத்தாள்.

“இன்றைக்கு எங்கள் அப்பா. நாளைக்கு யாரோ, தெரியாது. நாம் சேர்ந்து நின்றால் செந்நாய்கள் கிட்டே வராது. குரங்குகள் மேலிருந்து பார்க்கட்டும். மயில்கள் குரல் கொடுக்கட்டும். காட்டெருமைகள் கொம்பை நீட்டி வட்டமாக நிற்கட்டும். குட்டிகளை உள்ளே விட்டுக் காப்போம்!”

நல்ல யோசனை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதை மருதி சொன்னதுதான் யாருக்கும் பிடிக்கவில்லை.

“கொம்பு எங்களுடையது. யோசனை மட்டும் உன்னுடையதா?” என்றான் கருமலையான். “அப்படியானால் தலைமை யாருக்கு?”

“முதலில் குரல் கொடுப்பது யார் என்று பேசி முடிப்போம்!” என்றான் ஒயிலன். “எங்கள் குரல் மலை வரைக்கும் கேட்கும்.”

“மரத்தில் இருப்பது நாங்கள். முதலில் பார்ப்பது நாங்கள். குரல் மட்டும் உனக்கா!” என்று நெட்டைவாலன் பல்லைக் காட்டினான்.

பின்வரிசையில் ஒரு காட்டெருமை மெதுவாகச் சொன்னது: “சும்மா யாராவது கடிப்பார்களா? மான்கள் என்ன செய்து தொலைத்தனவோ!”

அது மருதியின் காதில் விழுந்தது. அவள் தன் மான்களை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். கூட்டம் கலைந்தது.

அடுத்ததாகச் செந்நாய்கள் மயில்களின் புதருக்குள் புகுந்தன. ஒயிலனின் குஞ்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிய்த்த இறகுகளைச் செந்நாய்கள் துறை முழுவதும் இறைத்துவிட்டுப் போயின.

ஒயிலன் பாறை மேல் ஏறி நின்று கதறினான். அவன் குரலைக் கேட்டு அணில்கள் அழுதன. மைனாக்கள் அழுதன. காட்டெருமைகள்கூட ஒருநாள் மேயாமல் நின்றன.

மருதிக்கும் துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் நெஞ்சுக்குள் வேறு ஒன்றும் புகைந்தது.

“பார்த்தாயா?” என்று தன் தங்கையிடம் சொன்னாள். “மயில்குஞ்சு செத்தால் காடே அழுகிறது. நம் அப்பா செத்த அன்று இந்த ஒயிலன் தோகை விரித்து ஆடிக்கொண்டிருந்தான்!”

“ஒருதரம் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வரலாமே அக்கா.”

“அவன் வந்தானா, நான் போவதற்கு?”

மருதி போகவில்லை. அவள் வராததை ஒயிலன் கவனித்தான். பாறை மேலிருந்து கிழக்குக் கரையைப் பார்த்து மனத்துக்குள் குறித்துக்கொண்டான்.

இதையெல்லாம் முட்புதருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கோரைப்பல்லனுக்கு ஒரே சந்தோஷம். “துக்கத்திலும் யாருக்கு அதிகம் என்று பார்க்கிறார்கள்! இவர்களை வெல்ல நாம் ஓடக்கூட வேண்டியதில்லை” என்று சிரித்தான். பிறகு வாலைத் தாழ்த்திக்கொண்டு தனியாக மேற்குக் கரைக்குப் போனான்.

“பெரியவரே, வணக்கம்!”

கருமலையான் கொம்பைத் தாழ்த்தினான். “எங்கே வந்தாய்? குத்திக் கிழித்துவிடுவேன்!”

“உங்களோடு மோத எங்களுக்குத் துணிச்சல் ஏது? உங்கள் மேல் எங்களுக்குக் கோபமும் இல்லை. ஒன்றுதான் புரியவில்லை. இந்தக் காட்டிலேயே பலசாலி நீங்கள். காய்ந்த கரையில் நிற்கிறீர்கள். பயந்தாங்கொள்ளிகள் பச்சைப் புல்லில் மேய்கிறார்கள். இது என்ன நியாயம்?”

கருமலையான் எதிர்க்கரையைப் பார்த்தான்.

“நாளைக் காலையில் மான்கள் துறைக்கு வரும்போது நீங்கள் கொஞ்சம் தள்ளி மேயுங்கள். அவ்வளவுதான். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கிழக்குக் கரை உங்களுக்கு!”

கருமலையான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மந்தையை ஓட்டிக்கொண்டு மூங்கில் காட்டுப் பக்கம் போனான்.

அவன் மனைவி செம்பி கேட்டாள்: “இன்றைக்கு ஏன் இவ்வளவு தூரம்?”

“இங்கே மூங்கில் குருத்து நன்றாக இருக்கிறது.”

சற்று நேரத்தில் துறைப்பக்கமிருந்து ஒரு குட்டியின் குரல் கேட்டது. மருதியின் குட்டி தும்பையின் குரல் அது. ஒருமுறை கேட்டது. மறுமுறை இன்னும் மெலிந்து கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

செம்பி நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். கருமலையான் குருத்தை மென்றுகொண்டே இருந்தான். அவன் காதுகள் மட்டும் துறையை நோக்கித் திரும்பியிருந்தன.

மான்கள் கிழக்குக் கரையை விட்டு மேட்டுக்குப் போய்விட்டன. காட்டெருமைகள் அங்கே குடிபுகுந்தன. கருமலையான் வயிறு நிறைய மேய்ந்தான். செம்பி அந்தப் புல்லில் வாய் வைக்கவில்லை.

“ஏன் தின்னவில்லை?” என்று அதட்டினான்.

“இது யார் போட்ட புல் என்று எனக்குத் தெரியும்” என்றாள் செம்பி.

அவனுக்குக் கோபம் வந்தது. குனிந்து மறுபடியும் மேய்ந்தான்.

நெட்டைவாலன் மரத்திலிருந்து இதையெல்லாம் பார்த்தான். அவனுக்கு வயிறு எரிந்தது. “கேட்பாரில்லாமல் கரையைப் பிடித்துக்கொண்டானே! அவனுக்கும் ஒருநாள் வரட்டும்” என்றான்.

அந்த நாள் சீக்கிரமே வந்தது. ஒரு மத்தியானம் நாணலுக்குள் செந்நாய்கள் ஊர்ந்து வருவதை நெட்டைவாலன் பார்த்தான். அவை செம்பியின் கன்று சுட்டியை நோக்கி வந்தன. வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் போதும். நெட்டைவாலன் வாயை மூடிக்கொண்டு ஒரு நாவல் பழத்தைப் பறித்தான்.

செந்நாய்கள் பாய்ந்தன. சுட்டி அலறினான். கருமலையான் திரும்பி ஓடினான். ஆனால் கரை சேறாக இருந்தது. மான்களின் மெல்லிய கால்களுக்கு ஏற்ற அந்தத் தரையில் அவன் கனத்த கால்கள் புதைந்தன.

அப்போது எதிர்பாராத ஒன்று நடந்தது. சுட்டியின் அலறலைக் கேட்டு மரத்தில் இருந்த குரங்குக் குட்டிகள் பயந்து வீறிட்டன. தாய்க்குரங்குகளும் கிளையை உலுக்கிக் கத்தின. அந்தச் சத்தத்தைக் கேட்டு, என்ன ஏது என்று தெரியாமலே மயில்கள் எல்லாம் ஒன்றாக அகவின. மேட்டில் இருந்த மான்கள் மிரண்டு, ஓடும் திசை தெரியாமல், நேராகத் துறையை நோக்கிப் பாய்ந்து வந்தன.

கோரைப்பல்லன் நிமிர்ந்து பார்த்தான். மரம் கத்துகிறது. பாறை கத்துகிறது. எதிரே மான் கூட்டம் புழுதி கிளப்பிக்கொண்டு வருகிறது!

“ஒன்று சேர்ந்துவிட்டார்கள்! ஓடுங்கள்!” என்று கத்தினான். செந்நாய்கள் சுட்டியை விட்டுவிட்டு மலைப்பக்கம் ஓடின.

சுட்டி காலில் காயத்தோடு எழுந்து நின்றான். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கே நம்ப முடியவில்லை. இவ்வளவு சுலபமா!

அன்று மாலை வரை கரையில் கொண்டாட்டம். பொழுது சாயும்போது யாரோ கேட்டுவிட்டார்கள்: “செந்நாயை விரட்டியது யார்?”

“எங்கள் குரலுக்குத்தான் பயந்தார்கள்!” என்றான் ஒயிலன்.

“நாங்கள் கத்திய பிறகுதானே நீங்கள் கத்தினீர்கள்!” என்றான் நெட்டைவாலன்.

“எதிரே போய் நின்றது நாங்கள்!” என்றன மான்கள்.

கருமலையான் சேற்றில் காலை ஊன்றிக்கொண்டு உறுமினான். “அவன் ஓடியது என் கொம்பைக் கண்டு! உங்கள் தயவு எனக்குத் தேவையில்லை. இந்தக் கரைக்கு நான் ஒருவனே போதும்!”

“அப்படியா? நீ ஒருவனே பார்த்துக்கொள்!” என்று எல்லோரும் பிரிந்து போனார்கள்.

காற்றில் வந்த சண்டைச் சத்தம் மலையடிவாரத்தில் கேட்டது. கோரைப்பல்லன் காதை நிமிர்த்தினான். ஏமாந்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது.

செந்நாய்கள் திரும்பி வந்தன. தன் மந்தையையும் மேற்குக் கரைக்கு அனுப்பிவிட்டு, கருமலையான் ஒருவனாகவே சேற்றில் நின்று போராடினான். முன்னால் குத்தினால் பின்னால் கடித்தன. பின்னால் திரும்பினால் முன்னால் தொங்கின. அவன் வீரன்தான். எதற்கும் பின்வாங்கவில்லை. மரத்திலிருந்து குரங்குகள் பார்த்தன. பாறையிலிருந்து மயில்கள் பார்த்தன. மேட்டிலிருந்து மான்கள் பார்த்தன. “ஒருவனே போதும் என்றானே!” என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. கருமலையான் முழங்காலிட்டு விழுந்தான்; பிறகு எழவே இல்லை.

குளக்கரை முழுவதையும் பயம் பிடித்துக்கொண்டது. அவனே விழுந்துவிட்டான் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்?

மறுநாள் செம்பி தன் மந்தையை மேற்குக் கரையில் நிறுத்திவிட்டு, சுட்டியை அழைத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். மருதியின் முன்னால் நின்றாள்.

“தும்பை கத்தியது எங்களுக்குக் கேட்டது, மருதி. கேட்டும் வரவில்லை. இதைச் சொல்லாமல் உன்னிடம் எதையும் கேட்க எனக்கு வாயில்லை.”

மருதியின் பார்வை சுட்டியின் மேலேயே இருந்தது.

“உன் கன்று உயிரோடு இருக்கிறான்” என்றாள் கடைசியில். “அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. உன் மேல் பாசம் வரும் என்று எதிர்பார்க்காதே.”

“எரியட்டும்” என்றாள் செம்பி. “எரிந்துகொண்டே கூட வா. உன்னிடம் மிச்சக் குட்டிகள் இருக்கின்றன. என்னிடம் இவன் இருக்கிறான். பாசமெல்லாம் பிறகு வந்தால் வரட்டும்.”

மருதி மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு மேட்டிலிருந்து இறங்கி, நேராக ஒயிலனின் பாறைக்குப் போனாள். அவன் குஞ்சுகளுக்காகக் கேட்க வேண்டிய துக்கத்தை அன்றுதான் கேட்டாள். ஒயிலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் பறந்து போகவில்லை. “என்ன செய்ய வேண்டும், சொல்” என்றான். செம்பி நாவல் மரத்தடியில் நின்று நெட்டைவாலனைக் கூப்பிட்டாள். அன்று பழம் பறித்த கையைப் பார்த்தபடி அவன் கிளையில் கூனி உட்கார்ந்திருந்தான். அவள் கூப்பிட்டு முடிக்கும் முன்பே இறங்கிவிட்டான்.

செந்நாய்கள் வந்தபோது துறையில் ஒரு வட்டம் நின்றது. வெளியே கொம்புகள், உள்ளே குட்டிகள். கோரைப்பல்லன் சுற்றிச் சுற்றி வந்தான். நாணலில் பதுங்கினால் குரங்குகள் கத்தின. பாறைப்பக்கம் திரும்பினால் மயில்கள் கத்தின.

“நான்தான் முதலில் பார்த்தேன்!” என்றான் நெட்டைவாலன்.

“நான்தான்!” என்றான் ஒயிலன்.

“சண்டையைப் போட்டுக்கொண்டே கத்துங்கள்!” என்று மருதி அதட்டினாள். “ஆனால் நிறுத்தாதீர்கள்!”

அவர்கள் நிறுத்தவில்லை. வட்டத்தில் ஓர் இடைவெளி தேடி, கிடைக்காமல், வெயில் ஏறியதும் கோரைப்பல்லன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினான். இன்னும் சிலமுறை வந்து பார்த்தான். ஒவ்வொரு முறையும் அங்கே வட்டம் நின்றது. ஒருநாள் செந்நாய்கள் மலையைத் தாண்டிப் போய்விட்டன.

பொறாமை தீர்ந்த பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருப்பவர்களைப் பயங்கரம் ஒவ்வொருவராகக் கொன்று தீர்க்கும். பொறாமையோடாவது தோள் சேர்ந்து நிற்பவர்களை அது நெருங்க முடியாது.