குப்புராஜ் கொண்டுவந்த பிரேக் பைப்பு

கோத்தகிரியில குப்புராஜ் மெக்கானிக்கை நம்பிக் கெட்டவங்க யாருமில்லைன்னு சொல்வாங்க. சொல்றது குப்புராஜ்தான்.

இன்னைக்குச் சாயங்காலம் என் மக தாரணிக்குப் பொண்ணழைப்பு. மண்டபம் கீழ மேட்டுப்பாளையத்துல. எங்க அறுபது வருஷத்துப் பழைய கார்லதான் போய் இறங்குவேன்னு ஒத்தக்கால்ல நின்னா, நானும் வாக்குக் குடுத்துட்டேன். ஆனா பிரேக் ஆயில் போற பைப்பு துருப்பிடிச்சு ஓட்டை. போறதோ மலையிறங்கற ரோடு. அளவுக்குப் பழைய பைப்பையே கழட்டிக்கிட்டு ஒரு மாசமா புதுசு தேடினார் குப்புராஜ். மத்தியானம் நானும் மருதாணிக் கையோட அவளும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம்.

"வண்டியை எடுத்துக்கலாங்களா?"ன்னு கேட்டேன்.

"மொதல்ல பைப்பு வந்த கதையைக் கேளுங்க. கோயமுத்தூர்ல எந்தக் கடையிலயும் இல்லீங்க. மெட்ராஸ்ல ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே எந்திரிச்சு நின்னுட்டார். 'இந்தக் காருக்குப் பைப்பு கேட்டு வந்த மொத ஆம்பளை நீங்கதான்'னு கண்ணு கலங்கிட்டார்."

"குடுத்தாரா?"

"இல்லீங்க. அழுதுட்டு அனுப்பிட்டார்."

டீ கொண்டுவந்த எதிர் பேக்கரி பெள்ளியண்ணன் போக மனசில்லாம நின்னுட்டார்.

"அப்புறம் தூத்துக்குடி. நடுக்கடல்ல ஒரு கப்பல் முங்கிக் கிடக்கு, அதுக்குள்ள இதே மாடல் கார் நாலு. மூச்சைப் புடிச்சுக்கிட்டு குதிச்சேன். ஒண்ணே முக்கா மணி நேரம்."

"மூச்சே விடாமலா?" பெள்ளியண்ணன் கேட்டார்.

"நடுவுல ஒருக்கா விட்டேன். பொய் சொல்லக் கூடாது பாருங்க."

"பைப்பு கிடைச்சுதா மாமா?" தாரணி கேட்டா.

"அரை இஞ்ச் கட்டையாப் போச்சு, கண்ணு. நேரா லண்டன் போயிட்டேன். இந்தக் காரைச் செஞ்ச வெள்ளக்காரருக்கு வயசு நூத்திநாப்பது. படுத்த படுக்கை. 'குப்பு, வந்துட்டியா'ன்னு தலகாணிக்கடியில இருந்து பைப்பை எடுத்துக் குடுத்துட்டுத்தான் கண்ணை மூடினார்."

"தினமும் என்கிட்ட டீக்கு வர்க்கி வாங்கினீங்களே, லண்டன் எப்பப் போனீங்க?"

"வர்க்கி இல்லாம அவ்வளவு தூரம் போக முடியுமா பெள்ளி?"

"சரி, அளவுக்குக் குடுத்த பழைய பைப்பு எங்க?"ன்னேன்.

குப்புராஜுக்குத் திடீர்னு இருமல் வந்துடுச்சு. பெள்ளியண்ணன்தான் சொன்னார்: "அதை இவரு சம்சாரம் அன்னைக்கே பழைய இரும்புக்குப் போட்டு பேரீச்சம்பழம் வாங்கிட்டாங்களே! எனக்கும் நாலு குடுத்தாங்க. நல்ல பழம்."

"அப்ப அளவே இல்லாம எப்படித் தேடினீங்க?"ன்னேன்.

"அளவெல்லாம் என் கண்ணுலயே இருக்குதுங்க!" குப்புராஜ் குரலை உசத்தினார். "நேத்து பிரேக்கை லேசாத்தான் மிதிச்சேன். வண்டி நின்னுச்சு. பின்னாடி வந்த பஸ் நின்னுச்சு. அந்தப் பக்கம் அருவி ஒரு நிமிஷம் அப்படியே தொங்குச்சு."

நான் கார்ல ஏறி பெடலை மிதிச்சேன். கால் தரைவரைக்கும் போயிடுச்சு.

"யோவ், பிரேக்கே இல்லையேய்யா! என் பொண்ணுய்யா இதுல போகப்போறா!"

மனுஷன் கொஞ்சங்கூட அசரலை. "இங்க எப்படிங்க இருக்கும்? லண்டன் பிரேக்காச்சே. பாப்பா இந்த இறக்கத்துல வருதுன்னு தெரிஞ்சதும், பிரேக்கு காலையிலயே கிளம்பி மண்டப வாசல்ல போய் நிக்குது. நீங்க வண்டியை உருட்டி மட்டும் விடுங்க. அங்க வந்ததும் அது புடிச்சுக்கும்."

தாரணி கார் சாவியை எடுத்து அவர் கையில வெச்சா.

"அப்ப நீங்க கார்ல வாங்க மாமா. எங்களுக்கு நாலு மணி பஸ் இருக்கு."