கிராதியில் நின்ற பாத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். நீங்களாவது நிதானமாகக் கேளுங்கள். அவசரப்பட்டு யாரையும் நல்லவர் என்று சொல்லிவிடாதீர்கள்.

தேரிக்காட்டுச் செம்மணலை ஒட்டி ஒரு சிற்றூர். அங்கே ஆசீர்வாதம், ஜெபசிங் என்று அண்ணன் தம்பி இருவர். அண்ணன் மனைவி ரூத் தங்கம், ஜெபசிங்குக்கு மைனி. அவர்களுக்கு ரூபன் என்று ஒரு மகன், பெனிட்டா என்று ஒரு மகள். போன வருஷம் ஜெபசிங் குடித்துவிட்டு, வாழைத்தார் ஏற்றிய வண்டியைக் கொண்டுவந்து ரூபனின் சைக்கிள்மேல் மோதினான். பையனுக்கு வலது கால் போயிற்று. ஜெபசிங் அன்றோடு குடியை விட்டான். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை, அண்ணன் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. கால் போனதைக்கூட ரூத் ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டாள். அவன் ஒரு நாளும் எட்டிப் பார்க்காததுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

அந்த ஊர்ச் சபையில் ஒரு வழக்கம். திருவிருந்துக்கு முந்தின மாலை ஆயத்த ஆராதனை நடக்கும். மனத்தாங்கல் உள்ளவர்கள் பீடத்துக்கு முன்னால் வந்து ஒருவருக்கொருவர் கை கொடுக்க வேண்டும். மறுநாள் திருவிருந்தில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்பார்கள். நெஞ்சில் கசப்போடு குடித்தால் அது ஆண்டவரிடமே பொய் சொன்னதாகும் என்று அந்த ஜனங்களுக்குப் பயம். நல்ல பயம்தான். ஆனால் போகப்போக, கை கொடுத்தால் காரியம் முடிந்தது என்று ஆகிவிட்டது. கையைக் கொடுப்பது சுலபம், பாருங்கள்.

அந்த ஞாயிறு பெனிட்டாவுக்கு முதல் திருவிருந்து. வெள்ளை உடுத்தி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் முழங்காலிட வேண்டும் என்று ஒரு மாதமாக அதே பேச்சு. அதனால் போதகர் அண்ணன் தம்பி இருவரையும் கெஞ்சிக் கூத்தாடிச் சனிக்கிழமை ஆராதனைக்கு வரவழைத்தார். ஆசீர்வாதம் தம்பியின் கையைப் பிடித்து, "மன்னிச்சிட்டேன்" என்று சபை முழுக்கக் கேட்கச் சொன்னார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். வெளியே வந்ததும் அவர் அந்தக் கையை வேட்டியில் துடைத்தார். தம்பி வீட்டைத் தாண்டிப் போகாமல், ஒரு வருஷமாகப் போகிற மாதிரியே வாய்க்கால் வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனார்.

ரூத் கை கொடுக்கவில்லை. பிள்ளைக்காகவாவது நாளைக்குப் பாத்திரத்தில் குடி, ஊர் சிரிக்கும் என்று புருஷன் மன்றாடினார். அவள் அடுப்படியில் நின்று, எனக்கு வேற மனசு தாரும் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விடிந்து பார்த்தால் அதே பழைய மனசுதான்.

ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. ஜெபசிங் மட்டும் உள்ளே வரவில்லை. எனக்குத் தகுதியில்லை என்று வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். ஒரு வருஷமாக அவன் திருவிருந்து எடுத்ததே இல்லை.

பீடத்தின் முன் தடுப்பான கிராதியில் ஆசீர்வாதமும் பெனிட்டாவும் ரூத்தும் முழங்காலிட்டார்கள். ஆசீர்வாதம் குடித்தார். பெனிட்டா குடித்தாள். பாத்திரம் ரூத்திடம் வந்து நின்றது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரூபன் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோல் அவள் கண்ணில் பட்டது. குடிக்க அவளுக்கு வாய் திறக்கவில்லை. போதகர் காத்திருந்தார். பெனிட்டா பயந்துபோய் அம்மாவின் சேலையைப் பிடித்தாள். ரூத் தலையை அசைத்து மறுத்து, மகளின் விரல்களை மெல்ல விலக்கிவிட்டு, அத்தனை பேர் பார்க்க வெளியே நடந்தாள். அந்தப் பிள்ளை அழுத அழுகையை என்னால் சொல்ல முடியாது.

அவள் நேரே வேப்பமரத்தடிக்குப் போனாள்.

"ஒரு நாளாவது வந்து பாத்தியா? என் பிள்ளை கால் இல்லாம கெடந்தானே, வந்து பாத்தியா?"

"எந்த முகத்தோட வருவேன், மைனி?"

"இந்த முகத்தோடதான் வந்திருக்கணும். உன்னைய மன்னிக்க என்னால முடியல. அதைச் சொல்லத்தான் வந்தேன். எந்திரி. உள்ள வந்து என் பிள்ளைகிட்ட பேசு."

உள்ளே எல்லாரும் குடித்து முடித்திருந்தார்கள். பாத்திரத்தில் மிஞ்சியதைப் போதகர் குடித்துவிட்டு ஆராதனையை முடிக்க வேண்டும். அவர் குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மன்னித்தேன் என்று சொல்லிக் குடித்தவர் ஒருவர். தகுதியில்லை என்று ஒதுங்கியவன் ஒருவன். முடியவில்லை என்று பெற்ற மகளை அழவிட்டு எழுந்துபோனவள் ஒருத்தி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ரூத் செய்ததுதான் சரி. ஆசீர்வாதம் ஊருக்காகக் கையைக் கொடுத்தார், கசப்பை வீட்டுக்குக் கொண்டுபோனார். ஜெபசிங் செய்தது தாழ்மைபோலத் தெரியும், ஆனால் அவன் தன்னையே நொந்துகொண்டு இருந்தானே தவிர, அடிபட்ட பிள்ளையை நினைக்கவில்லை. ரூத்தின் மனதும் சுத்தமாக இல்லைதான். அவள் அதை மூடி வைக்கவில்லை, கேட்ட மனசு கிடைக்கட்டும் என்று சும்மா இருக்கவும் இல்லை. ஜெபசிங் உள்ளே வந்து ரூபன் முன்னால் நின்று அழுதான். ரூபன் ஊன்றுகோலை நகர்த்தி, "உக்காருங்க சித்தப்பா" என்றான். அதைப் பார்த்த பிறகுதான் ரூத் போய் மகளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். ஏற்கெனவே குடித்திருந்த ஆசீர்வாதமும் எழுந்துபோய், தம்பியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அவள் பக்கத்தில் முழங்காலிட்டார். இரண்டாம் முறை எதற்கு என்று அவரிடம் கேட்காமல், போதகர் பாத்திரத்தை அவர்களிடம் நீட்டினார்.