கோரைப் புதரும் ஆயிரம் பூநாரைகளும்

கடல் உப்புக் கரிக்கத் தொடங்கிய புதிதில், முன்னொரு காலத்திலே, ஏழு கிளையாகப் பிரிந்து கடலில் கலக்கும் ஓர் ஆறு இருந்தது. அதன் முகத்துவாரத்தில் கடம்பன் என்பவன் ராஜாவுக்காகப் பறவை பார்த்து வந்தான். ஐப்பசியில் பூநாரைகள் வந்திறங்கியதும் சங்கு ஊதுவான். வலைக்காரர்கள் வலையைச் சுருட்டிவிடுவார்கள். பங்குனியில் பறவைகள் கிளம்பும்வரை அந்தச் சேற்றில் யாரும் வலை வீசக்கூடாது.

கோரைப் புதருக்குள் ஒளிந்திருப்பதே அவன் பிழைப்பு. அசையாதே, இருமாதே, தும்மாதே!

ஒருநாள் கருநாக்கன் என்ற மந்திரவாதி வந்தான்.

"பூநாரை நாக்கு வேணும், மருந்துக்கு. எங்கே அடையுதுன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"பறவைதான் உனக்குப் பெரிசா? அப்ப உன் பெண்டாட்டியும் பறவையாகட்டும்!"

வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி செவந்தி சிறகடித்துப் பறந்தாள். ஆயிரம் பூநாரைகளில் ஒன்றாகக் கலந்துவிட்டாள்.

"மூணு பங்குனி தவணை. பங்குனிக்கு ஒருதரம், சரியான பறவையைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிடு. ஜெயிச்சா சாபம் என் தலையில. தோத்தா அவ என்னைக்கும் பறவைதான்."

முதல் பங்குனி. ஒரு பூநாரை வெடுக்கென்று கழுத்தைத் திருப்பியது. செவந்தியின் கோபம் இதுதானே! மற்றவை கலையாதபடி புதருக்குள்ளிருந்தே கிசுகிசுத்தான்: "செவந்தி..." அது பறந்துபோயிற்று.

இரண்டாம் பங்குனி. ஒன்று தனியே நின்றது. கிசுகிசுத்தான். அதுவும் பறந்தது. சுரபுன்னைக் கிளையிலிருந்து கருநாக்கன் சிரித்தான்.

மூன்றாம் பங்குனி, கடைசி நாள். காற்று திரும்பிவிட்டது. பறவைகள் இறகை விரிப்பதும் மடக்குவதுமாகத் தவித்தன. கடம்பனுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ஆயிரம் முகம் பார்த்தான். எல்லாம் ஒரே முகம். எந்தப் பறவைக்கு எந்த இறகு உதிர்ந்தது என்று சொல்வான். செவந்தியின் மச்சம் எந்தக் கன்னத்தில்? வலதா, இடதா? பத்து வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனுக்குத் தெரியவில்லை.

நான் எதைத்தான் பார்த்தேன்?

கால் மரத்தது. தொண்டை கமறியது. மூக்கில் கோரைப்பூ ஏறியது.

அசைந்தான். இருமினான். எட்டு ஊருக்குக் கேட்கத் தும்மினான்!

"ஐயோ, கெடுத்தேனே!" என்று தலையிலடித்துக்கொண்டு புதரைப் பிய்த்து வெளியே வந்தான். ஆயிரம் பறவைகளும் குபீரென்று எழும்பின. வானம் சிவந்தது. சேறு வெறிச்சோடியது.

இல்லை. ஒன்று நின்றது. பயப்படாமல் அவனையே பார்த்தது. ஓட்டமும் நடையுமாக அவனை நோக்கி வந்தது.

"செவந்தீ!" தொண்டை கிழியக் கத்தினான்.

இறகு உதிர்ந்தது. முழங்கால் சேற்றில் செவந்தி நின்றாள்.

"ஏன்யா, மூணு வருஷமா உன்னைத் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு. புதருக்குள்ளயே பதுங்கிக் கிடந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

கடம்பன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மச்சம் இடது கன்னத்தில் இருந்தது.

கருநாக்கனா? அதோ, நாக்கில்லாத கொக்காகி ஒற்றைக்காலில் நிற்கிறான். அசையவில்லை, இருமவில்லை, தும்மவுமில்லை.