மயில் மீன் பிடித்த முதலாளி

தூத்துக்குடியில் தூண்டில் போட்டி நடந்தது. மில் முதலாளி ரத்னசபாபதி சொந்தப் படகில் கடலுக்குப் போனார். கரை கண்ணுக்கு மறைவதற்குள் வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து முதுகுத் துடுப்பைத் தோகைபோல் விரிக்கும் பெரிய மயில் மீன் ஒன்று தூண்டிலைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. வேலையாள் இன்னாசி உள்ளங்கை கிழியக் கிழிய அதோடு மல்லுக்கட்டி இழுத்துவந்தான். முதலாளி எழுந்துவந்து மீனைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். போட்டி விதிப்படி மீனைக் கடலிலேயே விட்டார்கள்.

“ஏலே, பிடிச்சது நான்தான்னு ஊர் முன்னால நீ சொல்லணும். இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வராத,” என்றார் முதலாளி.

“சொல்லிட்டாப் போச்சு, முதலாளி.”

கரையில் ஒரே கூட்டம். ஏற்கெனவே மயில் மீன் பிடித்துத் திரும்பிய ஒருவர் சொட்டச் சொட்ட நனைந்து நின்றார். ஏன் நனைந்தார் என்று முதலாளி கேட்கவில்லை. மைக்கை வாங்கித் தன் வீரத்தை அளந்துவிட்டு, இன்னாசியைப் பார்த்தார்.

“ஆமா, முதலாளிதான் பிடிச்சாவ,” என்றான் இன்னாசி. “முதல் தடவையா மயில் மீன் பிடிச்சவங்களைக் கடல்ல தூக்கிப் போடுறதுதானே இங்க வழக்கம்? வாங்கலே, தூக்குவோம்!”

நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். நீச்சல் தெரியாத முதலாளி அலறினார்: “ஐயோ, நான் பிடிக்கல! நான் வாந்தியெடுத்துக் கிடந்தேன்! இன்னாசிதான் பிடிச்சான்!”

மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“நான் சொன்னபடி சொல்லிட்டேன். மாத்திச் சொன்னது நீங்க,” என்ற இன்னாசி, சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தானே கடலில் குதித்தான்.