சிவப்பா தெரிஞ்ச பேரு

முதல்ல ஒரு விடுகதை. பேரு இருக்கும், ஆளு இருக்காது. கையை நீட்டி ஒரு இடத்தைக் காட்டும், அங்க போனா ஒண்ணும் இருக்காது. என்னது அது? தெரியலையா? சரி, அத்தை கதையா சொல்றேன். யாழினி, நீ 'ம்' கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தம்பி. அக்கா திலகா, தம்பி குமணன். அவங்கப்பா பஸ் கண்டக்டர். அவர் செத்துப் போயிட்டாரு. குரல் மட்டும் திலகாவோட கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. "படில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க"ன்னு. அப்புறம் வருஷத் திதி வந்துச்சு. அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. "அவர் பேசறதை ஒரு தடவ போடுடி"ன்னு கேட்டாங்க.

ம்.

அப்போ திலகா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா. அதுல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ். குமணன் போட்டுக் குடுத்தது, அவளுக்குப் புதுசு. அப்பா ஃபைலைத் திறக்கச் சொல்லி டக் டக்னு தட்டினா. 'அப்படி ஒரு ஃபைல் இல்லை'ன்னுச்சு. தம்பிக்குப் போன் போட்டா.

"எந்த ஃபோல்டர்ல நிக்கிற? நீ நிக்கிற இடத்துலதான் அது தேடும். சமையக்கட்டுல நின்னுக்கிட்டு பீரோவைத் திறந்தா எப்படி?"

"கிண்டல் அப்புறம். வழியச் சொல்லு."

அப்புறம் அவளோட சொந்த ஃபோல்டருக்குப் போனா. டக் டக். இல்லை. ஃபைல் இருக்கற இடத்துக்கு வழியை முழுசா எழுதிக் குடுத்தா. டக் டக். இல்லை. அப்புறம் 'எல்எஸ்'னு தட்டினா. அந்த ஃபோல்டர்ல என்னென்ன இருக்குன்னு அது காட்டும். பாத்தா, அப்பா பேரு இருக்கு. செவசெவன்னு இருக்கு.

ம்.

"சிவப்பா இருக்குடா."

"அக்கா, அது ஃபைல் இல்ல, லிங்க். ஃபைல் வெளிய மாட்டற பெரிய டிஸ்க்ல இருக்குன்னு காட்டற வெறும் பேரு. சிவப்பா இருந்தா, அது காட்டற இடத்துல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். அந்த டிஸ்க் எங்க?"

"இங்கதான் இருக்கு. இடம் பத்தலைன்னு அதுல இருந்த அப்பா ஃபைலைப் போன வாரம் அழிச்சேன். என் ஃபோல்டர்லதான் ஒண்ணு இருக்கே, எதுக்கு ரெண்டுன்னு."

"அதுமேல வேற எதாவது ஏத்தினியா? ஏத்தலைன்னா திரும்ப எடுத்துடலாம்."

"கல்யாண வீடியோ. டிஸ்க் நெறைய."

"வேற எங்கயும் எடுத்து வெக்கலையா?"

"இல்லடா."

மேல ஃபேன் கடகடன்னு ஓடுச்சு. கூடத்துலேர்ந்து அம்மா, "என்னடி, கிடைச்சுதா?"ன்னாங்க.

திலகா கதவுகிட்ட வந்து நின்னா. அழிஞ்சுபோச்சுன்னு சொல்றதா? மிஷின் ரிப்பேர், அப்புறம் போடறேன்னு சொல்றதா? நீயா இருந்தா என்ன சொல்லுவ? சொல்லிட்டுக் கண்ணை மூடு. அத்தைக்குத் தெரிஞ்ச கதை இவ்வளவுதான்.

"ரிப்பேர்னு சொல்லுவேன்" என்றாள் யாழினி.